சகலையின் ஸ்வெட்டர்

பொறாமை சிறிய மனிதர்களின் வியாதி. உயர்ந்த உள்ளங்களை அது அண்டுவதில்லை. மலை உச்சியைச் சேறு எட்டாததுபோல, அது எங்கோ கீழேயே நின்றுவிடுகிறது. நம் ஆடிட்டர் உயர்ந்த உள்ளம் படைத்தவர். இதை அவரே பல சந்தர்ப்பங்களில் தெரிவித்திருக்கிறார்.

அன்று காலை கண் விழித்ததும் அந்த உயர்ந்த உள்ளம் முதலில் செய்த காரியம், கட்டிலிலிருந்து தலைகீழாகத் தொங்கி, தன் நாய் யார் காலடியில் படுத்திருக்கிறது என்று பார்த்ததுதான்.

தன் காலடியில் இல்லை. படகின் மறுகோடியில், சகலை தம்பதியின் அறைத் திரைக்கு அடியில், ஒரு பழுப்பு வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷமான வால். தூக்கத்திலும் இரண்டு தடவை தரையைத் தட்டியது.

"என்னங்க, கழுத்து பிடிச்சுக்கப் போகுது," என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

"செருப்பைத் தேடறேன்."

"செருப்பு உங்க கால்ல இருக்கு."

போன வாரம் இதழை யாராவது இரவல் வாங்கிப் போயிருந்தால் அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அக்கா பல் டாக்டர். அவள் கணவர் நம் ஆடிட்டர். தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். அவள் கணவர் வானொலி அறிவிப்பாளர். அக்கா தங்கை சேர்ந்து விடுமுறை கழித்து வெகுகாலம் ஆயிற்று என்று, கால்வாயில் ஓடும் நீளமான வீட்டுப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆளுக்கொரு கணவனையும் ஆளுக்கொரு நாயையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். தங்கையின் நாய் டப்பி, பெயருக்கேற்ற உருவம். ஆடிட்டரின் நாய் பெரியது. வீட்டுக்கு யார் வந்தாலும் பையைத் திறந்து சோதித்த பிறகே உள்ளே விடும் என்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

ஆடிட்டருக்கு மேனேஜர் என்றால் உயிர். மனைவி அவரை மதித்தாள். அலுவலகத்தில் அவரைக் கண்டு பயந்தார்கள். ஆனால் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டு ஓடி வருகிற ஜீவன் உலகத்தில் அது ஒன்றுதான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது?

படகில் ஏறிய முதல் சாயங்காலம், அறிவிப்பாளர் தன் வானொலிக் குரலில், "மேனேஜர் சார், வாங்க, இப்படி உக்காருங்க" என்றார். மேனேஜர் போய் உட்கார்ந்தது. அதோடு சரி. திரும்பி வரவில்லை.

*

காலை டீயின்போது ஆடிட்டர் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாகக் கூப்பிட்டார். "மேனேஜர், இங்க வா."

மேனேஜர் வந்தது. பிஸ்கட்டை வாங்கிக்கொண்டது. அதை அறிவிப்பாளர் காலடிக்கு எடுத்துப்போய் வைத்துத் தின்றது.

"ஆடிட்டருக்குப் பயப்படாத மேனேஜரை இப்பத்தான் அத்தான் பாக்கறேன்," என்று தங்கை சிரித்தாள்.

"நாய்க்குப் புது ஆள்னா ஒரு ஆர்வம் இருக்கும்," என்றார் ஆடிட்டர். "விஞ்ஞானபூர்வமா அப்படித்தான்."

"எங்கிட்ட என்ன இருக்குன்னு வருதோ தெரியலை சகலை," என்றார் அறிவிப்பாளர். சொன்ன விதத்தில் கர்வமே இல்லை. அதுதான் ஆடிட்டருக்கு மிகவும் எரிந்தது. கொஞ்சம் அலட்டிக்கொண்டால் ஆளை வெறுக்கலாம். அதற்குக்கூட வசதி செய்து தராத மனிதர்.

அறிவிப்பாளர் ஒல்லி. கடுகு மஞ்சள் நிறத்தில், தலைக்கு முக்காடு வைத்த ஒரு ஸ்வெட்டரைக் கிளம்பியதிலிருந்து அநேகமாகக் கழற்றாமலே போட்டிருந்தார். தங்கை கையால் பின்னியது. ஆடிட்டரோ இந்தப் பயணத்துக்காகவே வெள்ளைத் தொப்பி ஒன்று வாங்கியிருந்தார். அதில் நங்கூரப் படம் உண்டு. படகுக் கம்பெனிப் பெண் சுக்கானைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தபோது, "தெரியும், தெரியும்" என்று தலையாட்டியது அந்தத் தொப்பிதான். சுக்கானை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் போகும் என்பதைக் கரையிலிருந்த ஒரு புதருக்குள் புகுந்த பிறகு அவர் ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து படகை ஓட்டுவது சகலை. தொப்பி மட்டும் இவரிடம் தங்கிவிட்டது.

*

பகலில் மதகு வந்தது.

கால்வாய் அந்த இடத்தில் ஒரு படி இறங்குகிறது. படகு படி இறங்காது. அதனால் முன்னும் பின்னும் கதவு போட்ட ஒரு கல் தொட்டி கட்டியிருக்கிறார்கள். படகை உள்ளே விட்டு, பின்கதவைச் சாத்தி, தொட்டித் தண்ணீரைக் கீழே வடிய விட்டால், படகு லிஃப்ட்டில் போவதுபோல மெதுவாக இறங்கும். பிறகு முன்கதவைத் திறந்துகொண்டு போகவேண்டியதுதான். கரையில் ஒரு ஆள் நின்று, படகின் முன்பக்கக் கயிற்றை இரும்புக் குற்றியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்து, படகு இறங்க இறங்கக் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. விட்டுக்கொடுப்பது.

"கயிறு நான்," என்றார் ஆடிட்டர்.

தங்கை தண்ணீர் வடிக்கும் சக்கரத்தடியில் போய் நின்றாள். அக்கா படகுச் சமையலறையில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். அறிவிப்பாளர் பின்தளத்தில் சுக்கானோடு நின்றார். டப்பி ஒரு பக்கம், மேனேஜர் ஒரு பக்கம், ராஜாவுக்குச் சாமரம் வீசுபவர்களைப்போல.

தண்ணீர் வடிய ஆரம்பித்தது. ஆடிட்டர் கயிற்றை முறைப்படி விட்டுக்கொடுத்தார். இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். அப்போது மேனேஜர் தன் தலையைச் சாய்த்து, அறிவிப்பாளரின் ஷூமேல் கன்னத்தை வைத்துக்கொண்டது. கண்ணை வேறு மூடிக்கொண்டது.

அந்தக் கன்னம் தினமும் ராத்திரி டிவிச் செய்தி நேரத்தில் இவர் பாதத்தில் இருக்கவேண்டிய கன்னம்.

ஆடிட்டரின் சட்டைப் பையில் பிஸ்கட் இருந்தது. எடுக்க ஒரு கை வேண்டும். தட்டிக் கூப்பிட இன்னொரு கை வேண்டும். இரண்டு கையிலும் கயிறு. நல்ல நிர்வாகி தடுமாற மாட்டார். கயிற்றைக் குற்றியில் இறுக்கி, வீடியோ பார்த்துப் பழகிய ஒரு முடிச்சைப் போட்டார். பிரமாதமான முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும் ரகம்.

"மேனேஜர்! இங்க பாருடா! யாரு இங்க? பிஸ்கட் யாருக்கு?"

மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்தது. படகின் மூக்கு அந்தரத்தில் நின்றது. படகின் பின்பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. சமையலறையில் முதலில் ஒரு தட்டு விழுந்தது. பிறகு எல்லாத் தட்டும் விழுந்தன.

"சகலை," என்றார் அறிவிப்பாளர், நாளை ஓரிரு இடங்களில் லேசான மழை என்று சொல்லும் அதே குரலில். "கயிறு."

"முடிச்சு! முடிச்சு அவிழலை! இது அவிழாத முடிச்சு!"

தங்கை சக்கரத்தைத் திருப்பித் தண்ணீரை நிறுத்தினாள். அதற்குள் அக்கா ரொட்டிக் கத்தியோடு முன்தளத்துக்கு வந்துவிட்டாள். கோணலாக நின்ற படகில் ஒரு காலை விளிம்பில் ஊன்றி, கடைவாய்ப் பல் பிடுங்கும் முகத்தோடு கயிற்றை இரண்டே இழுப்பில் அறுத்தாள். படகு தடாலென்று தண்ணீரில் உட்கார்ந்தது. எழும்பிய அலை ஆடிட்டரின் தொப்பியைக் கொண்டுபோனது.

மேனேஜர் பயத்தில் பாய்ந்து, அறிவிப்பாளரின் மஞ்சள் ஸ்வெட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பிஸ்கட் நீட்டிய கை கரையில் அப்படியே நின்றது.

"முடிச்சுல ஒரு தப்பும் இல்லை," என்றார் ஆடிட்டர், படகில் ஏறியதும்.

"முடிச்சுல தப்பில்லைங்க," என்றாள் அக்கா. "முடிச்சு போட்டதுதான் தப்பு."

*

தட்டுகள் போனதால் மத்தியானம் பாத்திர மூடிகளில் சாப்பிட்டார்கள். அறிவிப்பாளர் நடந்ததைச் செய்தி அறிக்கையாக வாசித்துக் காட்டினார். "மதகுப் பகுதியில் திடீரென வீசிய பிஸ்கட் புயல் காரணமாக..." தங்கைக்குப் புரையேறியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆடிட்டர் மனைவியைப் பார்த்தார். இந்தச் சிரிப்பு அவளிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. இவர் ஜோக் சொன்னால், நோயாளி வலிக்கிறது என்று சொன்னதுபோல, "ஓஹோ" என்பாள். போதாததற்கு மேனேஜர் அங்கே மேஜைக்கடியில் மஞ்சள் ஸ்வெட்டரின் கைமுனையை நக்கிக்கொண்டிருந்தது.

"சகலை இல்லேன்னா இப்படி ஒரு கதை நமக்குக் கிடைச்சிருக்குமா?" என்று அறிவிப்பாளர் இவர் தோளைத் தட்டினார். அன்பாகத்தான் தட்டினார். ஆடிட்டர் மூடியில் இருந்த ரொட்டியைத் தள்ளிவைத்தார்.

ஆனால் ஆடிட்டர் ஆடிட்டர்தான். உணர்ச்சிவசப்படுபவர் அல்ல, ஆதாரம் பார்ப்பவர். பாத்திரம் எடுத்துவைக்கும் சாக்கில் யோசித்தார். நேற்று சகலை குளிக்கப் போனபோது மேனேஜர் குளியலறை வாசலில் நின்றதா? இல்லை. நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரின்மேல் படுத்திருந்தது. முந்தாநாள் தங்கை அந்த ஸ்வெட்டரை உதறக் கரைக்கு எடுத்துப்போனபோது யார் பின்னால் போனது? இன்று பயந்தபோது பாய்ந்தது எங்கே? முகத்துக்கா, கைக்கா? ஸ்வெட்டருக்கு.

ஆள் அல்ல. கம்பளி.

அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இத்தனை நாளும் தன் நாய் தன்னைக் கைவிடவில்லை. ஒரு துணியிடம் ஏமாந்திருக்கிறது. எவ்வளவு பெரிய வித்தியாசம்!

*

சாயங்காலம் ஒரு பாலத்தருகே படகைக் கட்டினார்கள். மேலே சாலையில் கடைத்தெரு. அக்கா டப்பியின் கழுத்துப் பட்டையை மாட்டினாள்.

"கிளம்புங்க. உடைச்சது நீங்க, வாங்கறதும் நீங்க. தட்டு வாங்கிட்டு வரலாம்."

கரையேறிப் பத்தடி நடந்ததும் ஆடிட்டருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

"இது என்ன புதுசா?"

"பழைய முழங்கால்தான்."

தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் போட்டுக்கொண்டிருந்த அறிவிப்பாளர் குழாயை மூடிவிட்டு வந்தார். "நீங்க உக்காருங்க சகலை. நான் அக்காகூடப் போய்ட்டு வரேன். தட்டு தூக்க ஆள் வேணுமில்ல?" வேலை செய்த சூட்டில் கழற்றிய ஸ்வெட்டர் முன்தளக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆடிட்டர் அதை மட்டும்தான் பார்த்தார்.

இரண்டு பேரும் டப்பியும் பாலமேறி மறைந்தார்கள். சமையலறையில் பாத்திரங்கள் கழுவும் சத்தம். தங்கை உள்ளே இருக்கிறாள். ஆள் மாறிப் போனது அவளுக்குத் தெரியாது. அதைப் பற்றி ஆடிட்டர் அப்போது யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு நிறைய யோசித்தார்.

ஸ்வெட்டர் தலை வழியாக நுழைய மறுத்தது. அதன் கழுத்துத் துளை காதைத் திருகியது. ஒரு கை போய் மறு கை போகவில்லை. பிறகு அது போய் வயிறு போகவில்லை. மூச்சை உள்ளே இழுத்து, வெகுநாளாகப் பழக்கமில்லாத ஒரு குதி குதித்து, இறக்கிவிட்டார். முக்காட்டைப் போட்டுக்கொண்டு, முன்தளத்திலேயே, சமையலறை ஜன்னலுக்கு முதுகு காட்டி, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தார்.

நகம் பலகையில் உரசும் சத்தம் வந்தது. மேனேஜர்.

முகர்ந்தது. கையை முகர்ந்தது. வயிற்றை முகர்ந்து, கொஞ்சம் யோசித்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, மடியில் தலையை வைத்துக்கொண்டது.

ஆடிட்டர் அசையவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு துடித்தது. ஆனால் குரலைக் கேட்டால் ஆள் யாரென்று தெரிந்து எழுந்து போய்விடுமோ என்று பயமாக இருந்தது. காதுக்குப் பின்னால் மெதுவாகச் சொறிந்துவிட்டார். சொந்த நாயின் அன்பைத் திருட்டுத்தனமாக அனுபவிக்கிற நிலைமைக்கு ஒரு தணிக்கையாளர் வந்திருக்க வேண்டாம். ஆனாலும் சுகமாகத்தான் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் சமையலறை ஜன்னல் திறந்தது.

"அவங்க போய்ட்டாங்களா?"

தங்கை. பாத்திரம் கழுவும்போது வெந்நீர் ஆவி படியும் என்று கண்ணாடியைக் கழற்றிவைத்துவிடுவது அவள் வழக்கம். ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதிக்கிறவளுக்கு இரண்டடி தூரத்தில் ஒரு மஞ்சள் முதுகும் ஒரு நாய் வாலும் தெரிந்தன. அது போதுமென்று நினைத்துவிட்டாள்.

ஆடிட்டர் வாயைத் திறந்தார். 'நான் அத்தான்' என்று சொல்ல வேண்டும். அடுத்த கேள்வி, 'ஏன் அவர் ஸ்வெட்டர் உங்க மேல?' அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அவங்க இல்லாத நேரமாப் பாத்துப் பேசிடலாம்னுதான்," என்றாள் தங்கை, எதையோ தேய்த்துக்கொண்டே. "இன்னும் எத்தனை நாளைக்குச் சிரிச்சுட்டே இருக்கப் போறீங்க? வேலை போனதை அக்காகிட்ட சொல்லித்தானே ஆகணும்."

முக்காட்டுக்குள் ஆடிட்டரின் காது நிமிர்ந்தது.

"பதிவு பண்ணி வச்ச குரலே போதும், ஆள் வேண்டாம்னு சொல்றவங்களுக்கு நீங்க ஏங்க கூச்சப்படணும்? தப்பு அவங்க மேல. ராத்திரி நீங்க எழுந்து உக்காந்திருக்கறதும், அந்த மேனேஜர் வந்து உங்க காலடியில படுத்துக்கறதும் எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

மடியில் இருந்த தலை கொஞ்சம் நகர்ந்து வசதி செய்துகொண்டது. ஆடிட்டரின் கை சொறிவதை நிறுத்தியிருந்தது.

கம்பளி அல்ல.

"அத்தானைப் பாத்து நீங்க பொறாமைப்படறீங்க, அதுவும் தெரியும்," என்றாள் தங்கை. "'அவரை யாரும் வேலையை விட்டு அனுப்ப முடியாது, கொடுத்துவச்ச மனுஷன்'னு நாலு தடவை சொல்லிட்டீங்க."

உண்மையைச் சொல்லிவிடுவோம். ஒரு மனிதன் வேலையிழந்து ராத்திரியில் உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்ட துக்கத்தை, இந்த ஒரு வாக்கியம் கிட்டத்தட்ட முழுசாகத் துடைத்துவிட்டது. அந்தக் குரல்! அந்த இடுப்பு! அது இவரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது! நாலு தடவை! ஆடிட்டரின் நெஞ்சு நிமிர்ந்தது. ஸ்வெட்டரின் அக்குளில் ஏதோ சடசடத்தது.

"வீட்டைக் காலி பண்ணித்தான் ஆகணும்," என்று தங்கை தொடர்ந்தாள். "அக்கா வீட்டு மாடி சும்மாத்தானே கிடக்கு? வேற வேலை கிடைக்கற வரைக்கும் அங்க இருந்துக்கலாமான்னு இன்னைக்குச் சாப்பிடும்போது கேட்டுடறேன். அத்தான் மூஞ்சியைத் தூக்குவாரு. ஆனா மனசு கெட்டது இல்லை. என்ன, கேக்கட்டுமா?"

ஆடிட்டரின் கண்முன்னால் தன் வீட்டு மாடிப்படி தெரிந்தது. தினமும் காலையில் அந்தப் படியில் மேலிருந்து இறங்கிவரும் ஒரு குரல். கீழே சிரிக்கும் மனைவி. தினமும் ராத்திரி அதே படியில் மேலே ஏறிப்போகும் ஒரு பழுப்பு வால்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க." தண்ணீர்ச் சத்தம் நின்றது. "இருங்க, கண்ணாடியைப் போட்டுட்டு அங்கயே வந்து உக்காந்துக்கறேன்."

ஆடிட்டர் தலையாட்டினார். பலமாக, மேலும் கீழுமாக, முக்காடு குலுங்க ஆட்டினார்.

"அப்பாடா," என்றாள் தங்கை. அவள் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "இதுக்கு இத்தனை நாளா?" ஜன்னல் சாத்தப்பட்டது.

மேனேஜர் தலையை உயர்த்தி, முக்காட்டுக்குள் இருந்த முகத்தை நேராகப் பார்த்தது. ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. யாரென்று முதலிலேயே தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். மறுபடியும் படுத்துக்கொண்டது.

பாலத்தின்மேல் டப்பி குரைத்தது. "சகலை, தட்டு எல்லாம் உடையாத ரகம்! நீங்க எத்தனை முடிச்சு வேணும்னாலும் போடலாம்!" என்ற குரல் தெளிவாக வந்தது. பின்னாலேயே அக்காவின் சிரிப்பு.

ஆடிட்டர் எழுந்து, இரண்டு கையாலும் அடிவிளிம்பைப் பிடித்து, மேல்நோக்கி இழுத்தார்.

ஸ்வெட்டர் காதுக்கு மேலே வரவில்லை.